‘தணிக்கை செய்யப்பட்ட ஆவணம்’ என்று எழுதலாமா? ரிடாக்ட் என்பதற்குத் தமிழ்ச்சொல்

கேள்வி: பிப்ரவரி 2, இரவு 9.40

நாளிதழ் ஒன்றில் ‘தணிக்கை செய்யப்பட்ட ஆவணங்கள் வெளியாயின’ என்ற தலைப்பைப் பார்த்தேன். கணக்குத் தணிக்கை முடிந்த ஆவணங்கள் போலும் என்று எண்ணிக்கொண்டே பாதிச் செய்தியைக் கடந்துவிட்டேன். சில வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டு வெளியிட்ட பக்கங்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஆங்கிலத்தில் இதை ரிடாக்டட் என்கிறார்கள். தமிழில் தணிக்கைதான் இதற்குரிய சொல்லா? வேறு சொல் இருக்கிறதா?

குறிப்பு: பிப்ரவரி 2, இரவு 11.15

பதினாறு ஆண்டுகளாக வழக்கு ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். இந்த ஒரு சொல் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. தமிழ்நாட்டு வழக்கில் தணிக்கை என்பது ஏற்கெனவே இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. வரவு செலவைச் சரிபார்ப்பதும் தணிக்கை. திரைப்படத்தையும் இதழையும் பார்த்து வெட்டுவதும் தணிக்கை. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் ‘தணிக்கை செய்யப்பட்ட’ என்று இருந்தால் உறுப்பினருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அதே தொடர் ஒரு நூலின் முன்னட்டையில் இருந்தால் ஏதோ போய்விட்டது என்ற கவலை பிறக்கிறது. ஆவணத்தின் சில வரிகளை மறைத்து மற்றவற்றை வழங்குவது என்னும் மூன்றாவது வேலையையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்றினால், உங்களுக்கு நேர்ந்ததுதான் எல்லாருக்கும் நேரும். இது வாசகர் பிழையன்று. சொல்லின் மேல் பாரம் கூடிவிட்டது.

குறிப்பு: பிப்ரவரி 3, காலை 6.50

இந்தக் குழப்பத்தை நான் நேரில் சந்தித்த இடத்தைச் சொல்கிறேன். ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று தீர்ப்பளித்தது. விலை விவரங்கள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் பகிரப்பட்டன, அவருடைய அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது, அதன் ரிடாக்ட் செய்யப்பட்ட பகுதி மட்டும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது என்ற பொருளில் அதில் ஒரு பத்தி இருந்தது. அப்படி ஓர் அறிக்கை அன்றைக்கு நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கவில்லை. மறுநாளே மத்திய அரசு திருத்தம் கோரி மனுச் செய்தது: உறையிட்டு அளித்த குறிப்பில் வழக்கமான நடைமுறையைத்தான் விவரித்தோம், நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை என்பது அதன் விளக்கம். தமிழில் சொன்னால், ‘ஆராயப்படும்’ என்பதை ‘ஆராயப்பட்டது’ என்று படித்துவிட்டதாக வாதம்.

அந்தப் பத்தியை ஒரு வழக்கறிஞருக்காக அன்று மாலையே தமிழாக்க வேண்டியிருந்தது. ‘தணிக்கை அறிக்கையின் தணிக்கை செய்யப்பட்ட பகுதி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, ‘அப்படியானால் தணிக்கை செய்யப்படாத பகுதியை யார் சரிபார்ப்பது?’ என்று கேட்டார். அவர் படித்த முறையில் தவறே இல்லை. கணக்கைத் தணிக்கை செய்தவரின் அறிக்கையில், செய்தியைத் தணிக்கை செய்திருக்கிறார்கள் என்பதை என் வாக்கியம் எந்த வகையிலும் காட்டவில்லை. அன்றிரவு ‘சில விவரங்களை மறைத்த வடிவம்’ என்று மாற்றினேன். நான்கு சொற்கள், ஆனால் பொருள் நின்றது.

குறிப்பு: பிப்ரவரி 3, காலை 7.20

மேலே உள்ளதற்கு ஒரு தொடர்ச்சி. அந்த அறிக்கை உண்மையில் 2019 பிப்ரவரி 13 அன்றுதான் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. 36 விமானங்களுக்கான விலை, தணிக்கையாளர் ஒப்பிட்டுக் கணித்த விலையைவிட 2.86 விழுக்காடு குறைவு என்று விழுக்காடு அச்சாகியிருந்தது. தொகைகள் இருக்க வேண்டிய இடங்களில் ஆங்கில எழுத்துகள் நின்றன. அந்த முறையைக் குறிக்க அறிக்கையே ‘ரிடாக்டிவ் பிரைசிங்’ என்ற தொடரைப் பயன்படுத்தியது. ஒரு சொல் தெரியாமல் நாடு முழுவதும் அகராதியைப் புரட்டிய நாள்களில் அதுவும் ஒன்று.

குறிப்பு: பிப்ரவரி 3, இரவு 10.05

ரிடாக்ட் என்ற சொல்லின் பழைய பொருளைக் கேட்டிருக்கிறார் ஒருவர். இலத்தீனில் ‘ரெடிகெரே’ என்றால் திரும்பக் கொண்டுவருதல், திரட்டி ஓர் ஒழுங்குக்குள் நிறுத்துதல். ஆங்கிலத்திலும் இந்தச் சொல் நெடுங்காலம் தொகுத்தல், பதிப்பித்தல் என்ற பொருளிலேயே இருந்தது. விவிலிய ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பொருளில்தான் வழங்குகிறார்கள். ஜெர்மன் மொழியில் ‘ரெடாக்ட்சியோன்’ என்பது பத்திரிகையின் ஆசிரியர் குழு. ரஷ்ய மொழியில் ‘ரெடாக்தர்’ என்பவர் பதிப்பாசிரியர்.

பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் நம்மிடம் அருமையான சொல் உண்டு: தொகுத்தல். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். இவர்களை அந்தப் பழைய பொருளில் ரிடாக்டர் என்று அழைத்தால் முற்றிலும் பொருந்தும். இன்றைய பொருளில் அழைத்தால் பெருந்தவறாகும். சேர்த்துக் கட்டுவதைச் சொன்ன ஒரு சொல் எப்படி மறைப்பதைச் சொல்லும் சொல்லாயிற்று என்று கேட்டால், அச்சுக்கு அணியம் செய்வது என்ற நடுப்பொருள்தான் பாலம் என்று எனக்குத் தோன்றுகிறது: வெளியே போகத் தக்கதாக ஆக்குதல், அதற்காக வேண்டாதவற்றை எடுத்தல், எடுத்த இடத்தை மூடுதல்.

ஆகவே ‘திருத்தப்பட்ட ஆவணம்’ என்று சிலர் எழுதுவது அகராதியின் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு வந்ததாக இருக்கலாம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். திருத்தப்பட்ட ஆவணம் என்றால் தமிழில் பிழை நீக்கிய ஆவணம். அல்லது மோசடி செய்த ஆவணம். இரண்டுமே இங்கு ஆகாது.

குறிப்பு: பிப்ரவரி 4, மதியம் 1.30

‘மறைத்தால் அது தணிக்கைதானே, சொல்லுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேறுபாடு இருக்கிறது; அதை நான் உறுதியாக நம்புகிறேன்.

1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்டது. நெருக்கடிநிலை அறிவித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அந்த வெற்றிடம் என்ன சொன்னது என்பது படித்தவர் எல்லாருக்கும் விளங்கியது. தணிக்கை அதிகாரிகளுக்கும் விளங்கியது; அதனால்தான் தலையங்கப் பத்தியை வெறுமையாக விடக்கூடாது, காந்தி, தாகூர் போன்றோரின் மேற்கோள்களால் நிரப்பவும் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள். வரிகளை எடுத்தது போதாதென்று, எடுத்ததற்கான அடையாளத்தையும் எடுக்கச் சொன்னார்கள்.

ஆவணத்தில் பகுதியை மறைத்து வழங்கும்போது நடப்பது இதற்கு எதிரானது. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. விலக்குக்கு உட்பட்ட பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு எஞ்சியதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 1974 திருத்தத்தில் உறுதியானது. எவ்வளவு நீக்கினோம் என்பதை நீக்கிய இடத்திலேயே காட்டவேண்டும் என்று 1996 திருத்தமும், எந்த விலக்கின்படி நீக்கினோம் என்பதையும் அங்கேயே காட்டவேண்டும் என்று 2007 திருத்தமும் கூறின. இங்கே அடையாளம் கட்டாயம். கொடுப்பவர் தம் கையால் மறைக்கிறார், மறைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறார், மீதியைத் தருகிறார். அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீட்டைச் சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் விசாரித்து அளித்து, 2019 ஏப்ரல் 18 அன்று வெளியான 448 பக்க அறிக்கையில் ஒவ்வொரு கறுப்புப் பட்டையின் மேலும் காரணம் நிறம் பிரித்து அச்சாகியிருந்தது: நடந்துகொண்டிருக்கும் வழக்குக்கு ஊறு, பெருநடுவர் குழுவின் (கிராண்ட் ஜூரி) இரகசியம், புலனாய்வு நுட்பம், தனியுரிமை.

தணிக்கை செய்பவருக்கு வடு பிடிக்காது. இந்த மறைப்புக்கோ வடுதான் இலக்கணம்.

குறிப்பு: பிப்ரவரி 4, மதியம் 1.45

ஒரு சிறு சேர்க்கை. சார் மன்னர் காலத்து ரஷ்யாவில் வெளிநாட்டு இதழ்களின் வரிகளைத் தணிக்கையாளர்கள் கருமை பூசி மறைத்ததை மக்கள் மீன்முட்டையான ‘காவியர்’ பூசிய பக்கம் என்றார்கள். அதிலிருந்து பிரெஞ்சு மொழியில் ‘காவியார்தே’ என்ற வினைச்சொல்லே உண்டாயிற்று. ஆக, தணிக்கையிலும் கறுப்பு உண்டு. சற்றுமுன் நான் வரைந்த கோடு அவ்வளவு நேர்க்கோடு அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இதழைக் கருமையாக்கியவர் அதை எழுதியவரும் அல்லர், வைத்திருந்தவரும் அல்லர், இடையில் மறித்தவர். ஆவணத்தை உடையவரே மறைத்துத் தருவது வேறு வகை.

குறிப்பு: பிப்ரவரி 6, இரவு 11.50

நம் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 10. விலக்களிக்கப்பட்ட தகவலை ஓர் ஆவணத்திலிருந்து நியாயமான முறையில் பிரிக்க முடியுமானால், பிரித்துவிட்டு எஞ்சிய பகுதியை வழங்கலாம். அப்படி வழங்கும்போது பொதுத் தகவல் அலுவலர் மனுதாரருக்கு அறிவிப்பு ஒன்று தரவேண்டும்: ஒரு பகுதியே தரப்படுகிறது என்பதும், முடிவுக்கான காரணங்களும், முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும், கட்டண விவரமும், மேல்முறையீட்டு உரிமையும் அதில் இருக்கவேண்டும். இந்தப் பட்டியலை நான் மனப்பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஏரிக்கரையைப் பலப்படுத்திய பணியின் மதிப்பீட்டையும் கோப்புக் குறிப்புகளையும் கேட்டு விண்ணப்பித்தேன். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 34 பக்கங்களுக்கு 68 ரூபாய். வந்த கட்டில் ஒன்பது பக்கங்களில் தடித்த பேனாவால் கறுப்படித்திருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. வேலை செய்தவர்களின் வங்கிக் கணக்கு எண்கள் அங்கே இருந்திருக்கும் என்று எவரும் ஊகிக்கலாம். வேறு இரண்டு பக்கங்களில் ஆங்காங்கே வெற்றிடம் இருந்தது. பத்தி பிரிப்பதற்கு விட்ட இடம் என்று நினைத்து அவற்றைக் கடந்துவிட்டேன்.

மூன்றாம் முறை படிக்கும்போதுதான் குறிப்பு எண்கள் கண்ணில் பட்டன. 17ஆம் பக்கத்தில் 4ஆம் குறிப்பை அடுத்து 7ஆம் குறிப்பு வந்தது. வெள்ளை மையைப் பூசி, காய்ந்தபின் நகலெடுத்திருக்கிறார்கள். நகலில் வெள்ளை மை தெரியாது. தாளின் வெண்மையும் பூச்சின் வெண்மையும் ஒன்றாகிவிடும். 5, 6 என்ற இரண்டு குறிப்புகளும் அங்கே இருந்தன என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். எண்ணிடாமல் எழுதியிருந்தால் போயே போயிருக்கும்.

முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். மறைத்தது சரியா தவறா என்று நான் வாதிடவில்லை. மறைத்த இடத்தைக் காட்டித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அதே இரண்டு பக்கங்கள் மறுபடி வந்தன: வெற்றிடங்களில் கறுப்பு, ஓரத்தில் பேனாவால் எழுதிய பிரிவு எண். உள்ளே என்ன இருந்தது என்பது எனக்கு இன்றளவும் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு பக்கங்களைக் கையில் வாங்கியபோது எனக்குள் இருந்த கொதிப்பு அடங்கியது. கறுப்பு, ‘இங்கே ஒன்று உண்டு, உனக்குத் தரவில்லை’ என்கிறது. அதோடு நான் சண்டையிடலாம். வெள்ளையோடு சண்டையிட முடியாது, அது ஒன்றுமே நடக்கவில்லை என்கிறது.

பத்திரம் எழுதும் நம்மவர்களுக்கு இந்த நெறி பழையது. ‘அடித்தல் திருத்தல்’ இருந்தால் பத்திரத்திலேயே அதைக் குறிப்பிட்டு, எழுதிக்கொடுப்பவர் ஒப்பமிடுவார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும், அப்படிச் சான்றொப்பம் இல்லாத அடித்தலும் இடைவெளியும் உள்ள பத்திரத்தைப் பதிவு அலுவலர் மறுக்கலாம் என்கிறது. அடிப்பது குற்றமில்லை, அடித்ததைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

குறிப்பு: பிப்ரவரி 7, காலை 9.10

நேற்றைய குறிப்பின் சூட்டில் ‘கறுப்படித்த ஆவணம்’ என்பதே சரியான சொல் என்று எழுதி வைத்திருந்தேன். வெளியிடாமல் விட்டது நல்லதாயிற்று. அலுவலகங்களில் ‘கறுப்படிச்சுக் கொடுத்திருக்காங்க’ என்றுதான் பேசுகிறார்கள், அது உயிருள்ள வழக்கு. ஆயினும் மூன்றாம் தேதி நானே எழுதியது அதை மறுக்கிறது: ரஃபேல் அறிக்கையில் தொகைகளின் இடத்தில் நின்றவை எழுத்துகள். நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை எக்ஸ் என்று இட்டு மறைக்கின்றன. ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் வடிவம் உண்டு. அதிலும் கருமை இல்லை. கருமை ஒரு கருவிதான். சொல்லில் கருவியைப் பூட்டிவிட்டால் கருவி மாறும்போது சொல் பொய்யாகிவிடும்.

குறிப்பு: பிப்ரவரி 7, மாலை 5.25

மறைத்த இடத்தைப் புள்ளிகளால் காட்டலாமா என்று கேட்ட அன்பருக்கு: புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை, வேறு பாடல்களில் சிதைந்த அடிகளைப் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டுக் காட்டினார்கள். அது சிதைவின் குறி. அங்கே மறைத்தவர் எவரும் இல்லை, கரையானும் காலமும்தான். ஆவணத்தில் மறைத்த இடத்தையும் அதே புள்ளிகளால் காட்டினால் படிப்பவர் ‘மூலத்திலேயே அழிந்திருக்கிறது’ என்று கருதுவார். என் மொழிபெயர்ப்புகளில் ஒருகாலத்தில் நான் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். இப்போது சிதைவுக்குப் புள்ளி, மறைப்புக்குப் பகர அடைப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குறிப்பு: பிப்ரவரி 11, இரவு 10.30

சொல்லைத் தேடுவதோடு, தமிழ் ஆவணத்தில் மறைப்பது எப்படி என்பதையும் சிந்திக்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஆங்கிலத்துக்காக வகுத்த முறையை அப்படியே தமிழ் வரிகளின் மேல் இழுக்கிறோம். அது பல இடங்களில் மறைப்பதே இல்லை.

முதலாவது எழுத்தின் உருவம். தமிழ் எழுத்து வரிக்கு மேலும் கீழும் கிளைவிடுவது. ஒரே அகலப் பேனாவால் பெயரின் நடுவே கோடிழுத்தால் இகரத்தின் மேல்விலங்கும் மெய்யின் புள்ளியும் மேலே எட்டிப் பார்க்கும். உகரத்தின் கீழ்விலங்கு கீழே தொங்கும். ஒருமுறை ஒரு பெயரில் மேலே இரண்டு புள்ளியும் ஒரு விலங்கும் எஞ்சியிருந்தன. ஊர்க்காரர் எவரும் நொடியில் படித்துவிடுவார். நான் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது.

இரண்டாவது இலக்கணம், இது இன்னும் கடினமானது. ஆங்கிலத்தில் பெயரை மறைத்துவிட்டால் ‘வந்தார்’ என்பதற்கான வினை யாரையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் பெயரை மறைத்தாலும் ‘வந்தாள்’ என்ற விகுதி பெண் என்கிறது, ‘வந்தனர்’ என்றால் பலர் என்கிறது. பெயரின் மேல் பட்டையைப் போட்டுவிட்டு ‘அம்மாளுக்கு’ என்ற வாலை வெளியே விட்ட ஆவணங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இரு பெயர்களுக்கு நடுவே உள்ள ‘க/பெ’ (கணவர் பெயர்) என்பதை விட்டுவிட்டு அந்த இரு பெயர்களை மட்டும் மறைப்பார்கள். மணமான பெண் என்பது தெரிந்துவிடுகிறது. அந்தத் தெருவில் மனுக்கொடுத்த மணமான பெண் ஒருவரே என்றால், மறைப்பு எதற்கு?

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 228அ பிரிவு சொன்னது. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் 72ஆம் பிரிவு சொல்கிறது. அடையாளம் என்றால் பெயர் மட்டுமன்று. ஊர், பள்ளி, தந்தையின் தொழில், அண்ணனின் பெயர் இவை அனைத்தும் சேர்ந்ததுதான் அடையாளம். இதில் கவனம் பிசகினால் ஒரு வாழ்க்கை பாழாகும். மறைப்பை எதிர்ப்பவனாகவே இதுவரை என் குறிப்புகளில் தோன்றியிருப்பேன், அப்படி எண்ணவேண்டாம். மறைத்தே தீரவேண்டியவை உண்டு, அவற்றை முழுமையாக மறைக்கவேண்டும்.

குறிப்பு: பிப்ரவரி 11, இரவு 11.05

பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பெட்டியை வரைவதும் இதே வகைப் பிழைதான். பெட்டி மேலே உட்கார்ந்திருக்கும், எழுத்து அடியில் அப்படியே கிடக்கும். தேர்வு செய்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் முழு வரியும் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பரப்புரைத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் அப்படித்தான் வெளிப்பட்டது. எழுத்தையே கோப்பிலிருந்து நீக்கி, அந்த இடத்தில் பட்டையை வைக்கும் கருவியைப் பயன்படுத்தவேண்டும். தாளில் என்றால், கறுப்படித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாதபடி அதன் நகலைத்தான் தரவேண்டும்.

குறிப்பு: பிப்ரவரி 15, காலை 8.00

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவரின் கருத்து என்னை நிறுத்திவிட்டது. இலங்கையில் கணக்கைச் சரிபார்ப்பது ‘கணக்காய்வு’. ஆகவே அங்கே தணிக்கை என்றால் செய்தித் தணிக்கை என்ற ஒரே பொருள்தான், என் இரண்டாம் தேதிக் குறிப்பின் வாதம் அங்கே செல்லாது என்கிறார். அவர் சொல்வது சரி. நான் ‘தமிழ்நாட்டு வழக்கில்’ என்று எழுதியிருந்தாலும், அதன்மேல் கட்டிய முடிவைத் தமிழ் முழுமைக்குமாக எழுதிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் நான்காம் தேதிக் குறிப்பின் வாதம் அங்கும் செல்லும் என்றே நினைக்கிறேன். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், மறுக்கத்தக்க பகுதியைப் பிரித்துவிட்டு எஞ்சியதை வழங்கச் சொல்கிறது. போர்க்காலத்தில் இதழ்களைத் தணிக்கை செய்ததைக் கண்ட ஒரு சமூகத்தில், ஓர் உரிமைச் சட்டத்தின்படி பாதியேனும் கிடைக்கும் தாளையும் அதே சொல்லால் அழைப்பது அந்த உரிமைக்குச் செய்யும் குறை என்று எனக்குப் படுகிறது. அவர் இதை ஏற்பாரா என்று அறிய விரும்புகிறேன்.

குறிப்பு: பிப்ரவரி 16, இரவு 9.15

ஏற்கவில்லை. ‘மறைப்பது மறைப்பதுதான், எங்களுக்கு இரண்டும் ஒரே கைதான்’ என்று எழுதியிருக்கிறார். அவருடைய பட்டறிவு அது. அதற்கு மேல் நான் வாதிட மாட்டேன்.

குறிப்பு: பிப்ரவரி 21, மாலை 4.40

இத்தனைக்குப் பிறகும் கேட்டவருக்கு நான் விடை சொல்லவில்லை. சொல்கிறேன்.

‘நீக்கம்’ ஆகாது, நீக்கியது போய்விட்டது என்று பொருள்படும், மூலம் அலுவலகத்தில் முழுதாக இருக்கிறது. ‘அழிப்பு’ இன்னும் ஆகாது. ‘மந்தணம்’, அதாவது இரகசியம், முழு ஆவணத்துக்கும் உரிய தகுதி; ஒரு வரிக்கு உரியதன்று. ‘மறைத்தல்’ என்பதுதான் அடிப்படை. ஆனால் மறைத்த ஆவணம் என்றால் ஆவணத்தையே ஒளித்துவைத்ததாகும். எனவே பொதுவாசகருக்கு ‘பகுதி மறைத்த ஆவணம்’ என்று எழுதுகிறேன். சற்றே நீளம்தான், எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சட்ட மொழிபெயர்ப்பில் வினைச்சொல் அடிக்கடி தேவைப்படுகிறது. அங்கே ‘மறைப்பிடு’ என்பதைப் பயன்படுத்திப் பார்க்கிறேன். கோடிடு, நிழலிடு, முத்திரையிடு என்பவற்றின் வரிசையில் அது இயல்பாக உட்காருகிறது. ஒரு குறியை இடுதல் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது: மறைத்தது மட்டுமன்று, மறைப்பு ஒன்றை அங்கே இட்டிருக்கிறார்கள். மறைப்பிட்ட பக்கம், மறைப்பிடாத பக்கம், மறைப்பிட்டவர். மூன்றாவதற்காகவே இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. இரண்டு வழக்கறிஞர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் உடனே புரிந்துகொண்டார், மற்றவர் ‘திரைச்சீலையா?’ என்று கேட்டார். ஆகவே முதல்முறை வரும்போது விளக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்தச் சொல்லுக்கு வேலை கூடப்போகிறது. 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) கூறை மாற்றி எழுதியிருக்கிறது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, தனியுரிமைக்குள் தேவையின்றி நுழையும் தகவல் என்றெல்லாம் அந்தக் கூறில் இருந்த வரம்புகள் போய், தனிநபர் தகவல் என்பதே விலக்குக்குப் போதுமானதாகிறது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. எங்கள் ஏரிக்கரைக் கோப்பை இனி ஒருவர் கேட்டால் எத்தனை பக்கம் கறுப்பாக வரும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

குறிப்பு: பிப்ரவரி 21, இரவு 8.20

மேலுள்ளதைப் படித்த ஒருவர், மொழிபெயர்ப்பில் அடைப்புக்குள் நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். முன்பெல்லாம் ‘[மறைக்கப்பட்டுள்ளது]’ என்று மட்டும் எழுதுவேன். அந்தச் செயப்பாட்டு வினையில் மறைத்தவரும் மறைந்துகொள்கிறார். சட்டமோ முடிவெடுத்தவரின் பெயரையும் பதவியையும் கேட்கிறது. இப்போது மூலத்தில் உள்ள அளவுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். நேற்று முடித்த ஆவணத்தில் ஒரு வரி இப்படி இருக்கிறது: ‘[இங்கே ஏறத்தாழ இரண்டு வரிகளைப் பொதுத் தகவல் அலுவலர் மறைப்பிட்டுள்ளார், ஓரத்தில் பிரிவு 8(1)(ஜே) என்று எழுதி ஒப்பமிட்டுள்ளார்]’. அடுத்த பக்கத்தில் இப்படி: ‘[இங்கே ஒரு வரி மறைப்பிட்டுள்ளது, காரணமும் ஒப்பமும் மூலத்தில் இல்லை]’.